வளர்ப்பு நாய்க்கு எவ்வளவு நடை வேண்டும்?

(வானொலியில் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் நெல்லைப் பற்றியோ, நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதைப் பற்றியோ பேசுவது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். "விவசாய அதிகாரிக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நான் சொன்ன ஒரு அரைகுறை யோசனையால் ஒரு நல்ல நாய் சாகப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் வேலை பார்த்தேன். பழக்கமான விவசாயி ஒருவர் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைக் கொடுத்தார். எனக்கோ அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகம். அதனால் குட்டியைக் கொண்டுவந்து மயிலாப்பூரில் இருக்கும் என் அக்காவிடம் விட்டேன். அவர்களுக்கு இரண்டாவது மாடியில் வீடு. மணி என்று பெயர் வைத்தார்கள். விதையைக் கொடுத்துவிட்டு, எந்தப் பருவத்தில் விதைப்பது, எத்தனை தண்ணீர் கட்டுவது என்று சொல்லாமல் வந்தவன் மாதிரி நானும் வந்துவிட்டேன்.

ஒரு வருஷம் ஆனது. அக்காவிடமிருந்து போன். "தம்பி, நீ குடுத்த நாயை நீயே வந்து கூட்டிக்கிட்டுப் போயிடு. தலையணை ஒண்ணு பாக்கியில்லை. கீரைக்காரம்மா குரல் கேட்டாலே குதிச்சுக் குலைக்குது. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க."

"வெளியில எவ்வளவு நேரம் கூட்டிட்டுப் போறீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"காலையில அஞ்சு நிமிஷம், ராத்திரி அஞ்சு நிமிஷம். விளக்குக் கம்பம் வரைக்கும் போயிட்டு வரும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "அதுக்கு ஓட்டம் பத்தலை அக்கா. அத்தானை நல்லா ஓட விடச் சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "யூரியா எவ்வளவு போடணும்?" என்று கேட்கிற விவசாயிக்கு, "நல்லாப் போடுங்க" என்று யாராவது பதில் சொல்வார்களா? நான் சொன்னேன். "நல்லா" என்பது ஓர் அளவு இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை. மே மாதம், அக்கினி நட்சத்திரம். அத்தான் காபி குடித்து, பேப்பர் படித்து முடித்து, எட்டரை மணிக்கு மணியைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். பந்தை எறிய எறிய அது ஓடி எடுத்து வந்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று கால் பின்னிக்கொண்டது. நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்கியது. வாந்தி எடுத்துவிட்டு மணலில் விழுந்துவிட்டது.

அத்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த இளநீர்க்காரர்தான் தம் வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து, "சார், பார்த்துக்கிட்டு நிக்காதீங்க, ஊத்துங்க" என்று நாயின் மேல் கொட்டினார். இரண்டு வாளி ஊற்றிய பிறகு ஆட்டோ பிடித்தார்கள். மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. மணி பிழைத்துக்கொண்டது. "அந்தத் தண்ணிதான் காப்பாத்துச்சு" என்றார் டாக்டர்.

நேயர்களே, ஓட்டம் குறைந்ததால் வந்த கஷ்டம் ஒன்று. ஓட்டம் அளவு மீறியதால் வந்த ஆபத்து ஒன்று. இரண்டும் ஒரே நாய்க்கு, ஒரே வீட்டில் வந்தன. ஆகவே, எவ்வளவு, எப்போது, எப்படி என்று பார்ப்போம்.

நாய்க்கு ஏன் வெயில் ஆகாது?

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டுமே சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்கு வழி. நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாக வேண்டும். சென்னைக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் அதிகம். மழைக்காலத்தில் துவைத்த துணி எப்படிக் காயாதோ, அப்படி நாயின் நாக்கும் எளிதில் காயாது. ஆகவே எவ்வளவு இரைத்தாலும் உடம்பு ஆறுவது மெதுவாகத்தான்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்கு அது காய்ச்சல். அதற்கு அது இயல்பு. 106 டிகிரியைத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், ஈரல் எல்லாம் கெட ஆரம்பிக்கும். 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது 113 பாரன்ஹீட். அந்த மாதிரி நாளில் தெருவே அடுப்பு.

இன்னொரு செய்தியும் உண்டு. பூட்டிய காரில் விடப்பட்ட நாய்தான் வெயில் தாக்கிச் சாகும் என்று பலர் நினைக்கிறார்கள். 2020-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், வெயில் நோய் வந்த நாய்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குக் காரணம் உடற்பயிற்சி என்று தெரிந்தது. குளிர் நாட்டிலேயே அந்தக் கதி என்றால், நம் ஊரில் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நாய்க்குப் "போதும்" என்று சொல்லத் தெரியாது. எஜமான் பந்தை எறிந்தால் அது உயிரை விட்டாவது ஓடும். நிறுத்த வேண்டியது நாம்தான்.

எத்தனை நேரம்?

எல்லாப் பயிருக்கும் ஒரே தண்ணீர் இல்லை. நெல்லுக்கு ஒரு கணக்கு, கம்புக்கு ஒரு கணக்கு. நாயிலும் அப்படித்தான். கீழே சொல்வது ஆரோக்கியமான நாய்க்கு உத்தேசமான கணக்கு.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம் போன்ற பெரிய நாய்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் தேவை. காலையில் பாதி, இரவில் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் வேட்டைக்கென்றே நம் தெற்கத்திச் சீமையில் வளர்க்கப்பட்டவை. முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டை போய்விட்டது, நாயின் காலில் அந்த ஓட்டம் மட்டும் மிச்சம் இருக்கிறது. இவை மாரத்தான் ஓடுகிறவை அல்ல. கொஞ்ச தூரம் மின்னலாக ஓடிவிட்டு வெகுநேரம் படுத்திருப்பவை. தினம் முக்கால் மணி முதல் ஒரு மணி நடையும், வாரத்தில் இரண்டு மூன்று தடவை சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் சில நிமிஷ ஓட்டமும் போதும்.

நம் தெருவில் பிறந்த நாட்டு நாயை எடுத்து வளர்க்கிறவர்களுக்கு என் பாராட்டு. இந்தச் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற உடம்பு அது. தினம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நடந்தால் ஆனந்தமாக இருக்கும்.

பாமரேனியன், டாக்ஸ்ஹுண்ட் போன்ற சிறிய வகைகளுக்கு அரை மணி முதல் நாற்பது நிமிஷம். டாக்ஸ்ஹுண்டுக்கு நீண்ட முதுகு, குட்டைக் கால். மாடிப்படியில் குதித்து இறங்கினால் முதுகெலும்புத் தட்டு பிதுங்கும். லிப்ட் இருந்தால் அதில் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் தூக்கிக்கொள்ளுங்கள்.

பக் நாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2003-இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரம் வந்த பிறகு நம் நகரங்களில் பக் பெருகியது. மூக்கு சப்பை, மூச்சுப்பாதை குறுகல். இரைத்து உடம்பைக் குளிர வைக்க வேண்டிய பிராணிக்கு இரைப்பதே கஷ்டம். நாளைக்கு இருபது முப்பது நிமிஷம், அதுவும் இரண்டு மூன்றாகப் பிரித்து, குளிர்ந்த வேளையில் மட்டும். குறட்டை விடுகிற மாதிரி மூச்சுச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

குட்டிகளுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. வயது எத்தனை மாதமோ அதை ஐந்தால் பெருக்குங்கள். நாலு மாதக் குட்டிக்கு ஒரு வேளைக்கு இருபது நிமிஷ நடை. இது சட்டம் அல்ல, ஒரு வழிகாட்டிதான். வீட்டுக்குள் தானாக விளையாடுவதைத் தடுக்க வேண்டாம். பெரிய வகைகளுக்கு எலும்பு முற்ற ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரை ஸ்கூட்டர் பின்னால் ஓடவிடுவது, உயரத்திலிருந்து குதிக்க வைப்பது கூடாது. நாற்றங்காலில் இருக்கும் பயிரை யாராவது ஏர் ஓட்டிப் பார்ப்பார்களா?

கிழட்டு நாய்க்குச் சிறு சிறு நடையாக, மூன்று நாலு தடவை. நடக்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டால் மூட்டு இறுகிப் போகும். நடந்தால் இருமல் வருகிறதென்றால் இருதயத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

உரம் போலப் பிரித்துக் கொடுங்கள்

வாரம் ஆறு நாள் கட்டிப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓடவிடுவது, மூன்று தவணையாக இட வேண்டிய யூரியாவை ஒரே தடவையில் கொட்டுவது போன்றது. பயிரும் கருகும், பணமும் வீண். தினம் காலையும் மாலையும் அரை அரை மணி நேரம் நடத்துவது, ஞாயிற்றுக்கிழமைப் பெரு ஓட்டத்தைவிட மேல். படுத்தே கிடந்த நாயை ஓட வைப்பதானால் வாரத்துக்கு ஐந்து பத்து நிமிஷமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வயிறு நிறைய ஆகாரம் போட்டுவிட்டு ஓடவிடாதீர்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நடந்து வந்து, இரைப்பு அடங்கி, அரை மணி கழித்து ஆகாரம் வையுங்கள். சாப்பிட்டிருந்தால் ஓட்டத்துக்கு முன் இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

நடை மட்டும் போதாது. ஆகாரத்திலும் அளவு வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும் வரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான தீனி. மறு பாதிக்கு அதில் கால் பங்கு குறைவு. முடிவு 2002-இல் வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வாதமும் தள்ளி வந்தது. லாப்ரடாரில் நாலில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணுக் குறை இருப்பதாக 2016-இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். ஆகவே "பாவம், பசியாப் பார்க்குது" என்று ஆளுக்கொரு பிஸ்கட் போடாதீர்கள்.

மணி பார்த்து நடை

சென்னையில் தூரத்தைவிட முக்கியம் நேரம். மார்ச் முதல் செப்டம்பர் வரை காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் கடற்காற்று வீசுகிறதே என்று ஐந்து மணிக்கு இறங்காதீர்கள். காற்று ஆறியிருக்கும், தார்ச்சாலை ஆறியிருக்காது. ஏழரைக்கு மேல் போங்கள்.

சாலை ஆறியதா என்று எப்படிப் பார்ப்பது? கபாலி கோயில் பிராகாரத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு சுற்றியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்று பத்து எண்ணுங்கள். உங்கள் கால் தாங்கினால் நாயின் காலும் தாங்கும். நீங்கள் காலை மாற்றி மாற்றி வைத்தால் நாயும் வேண்டாம்.

தியாகராய நகர்க்காரர்களுக்கு 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை விடியற்காலையில் நல்ல இடம்; கடை திறந்த பிறகு அங்கே மனிதனுக்கே இடமில்லை. மயிலாப்பூரில் மாட வீதிகள் அதிகாலையில் சௌகரியம். அறுபத்து மூவர் உற்சவ நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். பூங்காவானால், நாய்க்கு அனுமதி உண்டா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் உலர்ந்த மணலில் ஓடுவது சேற்று உழவு மாதிரி. கால் மணி ஓட்டம் அரை மணிக்குச் சமம். ஈர மணல் ஓரமாக நடத்துங்கள். கடல் நீரைக் குடிக்கவிடாதீர்கள். வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரையில் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் அந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். நாய் மணலைத் தோண்டினால் ஒரு கூடு முழுவதும் போய்விடும். கயிற்றைக் கையை விட்டு விடாதீர்கள்.

கயிறும் வாய்க்கூடும்

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதை மறக்கக்கூடாது. நம் நாய் சாது என்பது நமக்குத் தெரியும். எதிரே வருகிற குழந்தைக்குத் தெரியாது. மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம். வெளியே போனால் கயிறும் வாய்க்கூடும் வேண்டும்.

அந்த வாய்க்கூட்டில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாயை இறுக்கிக் கட்டுகிற துணிப்பட்டையைப் போட்டால் நாய் நாக்கை நீட்டி இரைக்க முடியாது. வெயிலில் அதுவே எமன். கதிரடிக்கும்போது மாட்டுக்குக் கூடை மாதிரி வாய்க்கூடு போடுகிறோமே, அந்த வகைதான் நல்லது. உள்ளே வாயைத் திறக்கவும், தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும்.

மழைக் காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கவிடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். அது நாயிடமிருந்து நமக்கும் வரலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. எந்தக் காலமானாலும் திரும்பி வந்ததும் காது மடல், கால் விரல் இடுக்கு இரண்டிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் சோர்ந்து போகும், ஈறு வெளுத்துவிடும். அப்போது நடை வேண்டாம், மருந்துதான் வேண்டும்.

அடைமழையில் வெளியே போக முடியாவிட்டால் மூக்குக்கு வேலை கொடுங்கள். நாலைந்து கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, ஒன்றிரண்டில் மட்டும் தீனியை ஒளித்துத் தேடவிடுங்கள். பத்து நிமிஷத் தேடல் நாயை நன்றாகவே களைக்க வைக்கும். தெருவில் போகும்போதும் முகர்ந்து பார்க்க நிதானமாக விடுங்கள். நமக்குப் பேப்பர் மாதிரி, அதற்குத் தெரு.

மயங்கி விழுந்தால்

அளவுக்கு மீறி இரைப்பது, எச்சில் கயிறாக வடிவது, நாக்கு கருஞ்சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி ஆகியவை அபாய அறிகுறிகள். நிழலுக்குக் கொண்டு போங்கள். உடம்பு முழுவதும், முக்கியமாக வயிறு, தொடையிடுக்கு நனையும்படி குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு சும்மா இருக்காதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மயக்கத்தில் இருக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போகும். முதலில் குளிர வைத்து, பிறகு டாக்டரிடம் கொண்டு போங்கள். எழுந்து வாலை ஆட்டினாலும் போக வேண்டும். உள்ளே சிறுநீரகம் கெட்டிருப்பது வெளியே தெரியாது. பக்கத்தில் டாக்டர் இல்லாவிட்டால், 1903 முதல் நடந்து வருகிற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

அளவு சரிதானா?

நடந்து வந்த நாய்க்குப் பத்து நிமிஷத்தில் இரைப்பு அடங்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாகப் படுக்க வேண்டும். மறுநாள் காலை நொண்டாமல் எழுந்து வாசலுக்கு வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அளவு சரி. இரைப்பு அடங்கவில்லை, மறுநாள் எழுந்திருக்கத் தயங்குகிறது என்றால் அதிகம். தலையணையைக் கிழிக்கிறது, ஓயாமல் குலைக்கிறது, விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் பெரும்பாலும் நடை குறைவு.

மணியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அது மருத்துவமனையிலிருந்து வந்ததும் நானே மயிலாப்பூர் போய், அத்தானோடு உட்கார்ந்து ஒரு தாளில் நேரமும் அளவும் எழுதிக் கொடுத்தேன். குட்டியைக் கொடுத்த அன்றே கொடுத்திருக்க வேண்டிய தாள் அது. இப்போது அத்தான் பேப்பர் வருவதற்கு முன்னாலேயே, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார். குளத்தைச் சுற்றி மாட வீதிகளில் இரண்டு சுற்று. இரவு ஒரு சுற்று. தலையணைகள் பத்திரமாக இருக்கின்றன. கீரைக்காரம்மா வந்தால் மணி ஒரு தடவை குலைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. வாசல் ஓரத்தில் செருப்போடு ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் எப்போதும் இருக்கிறது.

யாருக்காவது நாய்க்குட்டி கொடுக்கிறவர்கள் கூடவே ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள். "நல்லா ஓட விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.